ஆளே இல்லாத ஆஸ்பத்திரி

முகக்கவசம் வேண்டாம், இங்கே கிருமியே கிடையாது. நோயாளிகள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். ஒருவர்கூட நிஜமில்லை! அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் உருவாக்கிய 'சிந்தியா' என்ற இலவச மென்பொருள், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கே ஒரு பொய் மக்கள்தொகையைப் பெற்றுப் போட்டிருக்கிறது. நிஜ ஆளோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஓர் எண்.

வருஷத்துக்கு எத்தனை பேர் டாக்டரிடம் போவார்கள்? கூத்து என்னவென்றால், இங்கே அந்த எண்ணை யாரும் மென்பொருளுக்குள் போடுவதே இல்லை. ஒரு குழந்தையைப் பிறக்கவைத்து, இன்றுவரையோ சாகும்வரையோ வளர்த்து, வழியெல்லாம் பகடை உருட்டுகிறார்கள். காதில் சீழ் பிடிக்குமா? உருட்டு. எத்தனை மாதம் கழித்து? அதற்கும் உருட்டு. ஊகமெல்லாம் ஒற்றை ஆளின் ஆயுளுக்குள்தான். கூட்டம் தானாகச் சேர்கிறது.

இந்த ஊகங்களை எழுதிவைக்க நோய்க்கு ஒரு கோப்பு. எழுதப் பழக ஒரு கற்பனை நோயே இருக்கிறது: எக்ஸாம்பிளைட்டிஸ்! ஆண்களுக்குத்தான் வரும், அதுவும் 40 வயதுக்கு மேல். மருந்து? எக்ஸாம்பிளிட்டால். சிரிக்காதீர்கள், அந்த 40ஐ 20 ஆக்கினால் ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார இடமிருக்காது.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஊரை நிஜத்தோடு ஒப்பிட்டது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு நிஜத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 3 பேருக்குச் சிக்கல். சிந்தியாவில்? பூஜ்யம்! கத்தி பட்ட அத்தனை பேரும் எழுந்து நடந்துவிட்டார்கள். கைராசி சர்ஜன் யாருமில்லை. சிக்கல் வரலாம் என்று கோப்பில் எழுதியிருந்தால்தானே வருவதற்கு. தப்பான ஊகத்தையாவது பிடித்துக் கேள்வி கேட்கலாம். எழுதாமல் விட்ட ஊகத்தை எங்கே போய்த் தேடுவது?

எழுதிய ஊகத்தையாவது சோதிக்கலாம். அதற்கு ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. பகடை எப்படி விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு விதை எண். ஒரே விதை எண் போட்டால் அதே ஊர், மாற்றினால் வேறு ஊர். பல விதைகள் போட்டு மொத்தம் எவ்வளவு ஆடுகிறதென்று பாருங்கள். அது பகடையின் வேலை. ஓர் ஊகத்தை அசைக்கும்போது அதைவிடப் பெரிதாக ஆடினால், முதல் விசாரணை அந்த ஊகத்திடம்தான்.

போகுமுன் நீங்களே ஓட்டிப் பாருங்களேன், 10 பேர் கேளுங்கள். 12 பேர் வந்து நின்றால் பயப்பட வேண்டாம்! உயிரோடு 10 பேர் சேரும்வரை அது ஓடும். இடையில் செத்தவர்கள் இலவச இணைப்பு.