லேடெக் எடிட்டர்: வெளியே வரும் வழியை முதலில் பாருங்கள்

கணிதத்திலும் இயற்பியலிலும் ஆய்வேடு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வேர்டை நாடுவதில்லை. சமன்பாடுகளை அழகாக அச்சுக்கோக்க, டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக் நிரலும், அதன்மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லேடெக்கும்தான் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. மாணவரும் நெறியாளரும் ஒரே கோப்பை உலாவியிலேயே சேர்ந்து திருத்த வழிசெய்தவை இணைய எடிட்டர்கள். அவற்றில் பெரியது ஓவர்லீஃப். 2017இல் தன் போட்டியாளரான ஷேர்லேடெக்கையும் வாங்கிக்கொண்டது. இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகம் விலையையும் வசதிப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. ஆனால், அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். லேடெக் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு என்பதால் ஆய்வேடு எங்கும் சிறைப்படாது, ஜிப்பாக இறக்கிக்கொள்ளலாம். சிக்கிக்கொள்வது மற்றவை: யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு, ஓரத்தில் நெறியாளர் எழுதிய குறிப்புகள், பல்கலைக்கழக மின்னஞ்சலோடு கட்டிய கணக்கு. முனைவர் பட்டம் பல ஆண்டு வேலை. நிறுவனச் சந்தா இடையிலேயே முடிந்துபோகலாம். இலவசக் கணக்குக்கு இறங்கினால், உடன் எழுதுவோர் எண்ணிக்கைக்கும் பிடிஎஃப் ஆக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. ஆய்வேடு மிகப் பெருத்திருக்கும் கடைசி மாதத்தில்தான் அந்த நேர வரம்பு கழுத்தைப் பிடிக்கும்.

சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் தொல்லை தீராதா என்று கேட்கலாம். ஓவர்லீஃபின் சமூகப் பதிப்பு திறமூலம், கட்டணமில்லை. ஆனால் லேடெக் ஆவணம் ஒருவகையில் நிரலும்கூட: அதை பிடிஎஃப் ஆக்கும்போது பிறர் எழுதிய கட்டளைகள் உங்கள் சர்வரில் ஓடுகின்றன. ஒருவர் வேலையை மற்றவரிடமிருந்து தனிமைப்படுத்தும் ஏற்பாடு கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இலவசப் பதிப்பு ஒருவரையொருவர் நம்புவோருக்கு மட்டுமே என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். பத்துப்பேர் கொண்ட ஆய்வகத்துக்கு அது போதும். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஆகாது. லேடெக்கை இயக்கும் மென்பொருள் தொகுப்பான டெக் லைவுக்கு ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். ‘இலவசம்’ என்று போடும் கணக்கில் அந்தச் சம்பளம் தெரிவதில்லை.

இணைய எடிட்டரே வேண்டாம், கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஜிட் மென்பொருளும் சொந்தக் கணினியும் போதும் என்பாரும் உண்டு. பழகியவர்களுக்கு அது சரியே. ஆனால் ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காக ஜிட் கட்டளைகளைக் கற்க எல்லாப் பேராசிரியரும் உட்காரமாட்டார்கள். எனவே பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கட்டணச் சேவையே பொருந்தும் என்பது என் கணிப்பு. ஆனால் ஜிட் வழியாகக் கோப்புகளை எடுக்கும் வசதி அந்தச் சந்தாவில் இருக்க வேண்டும். பிரதிகள் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கிடங்குக்குத் தவறாமல் போய்ச்சேர வேண்டும். படிப்பு முடிந்தவர் தன் கணக்கைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். தமிழில் ஆய்வேடு ஏற்கும் இடமென்றால், யூனிகோட் எழுத்துருக்களைக் கையாளும் லேடெக் வடிவங்களான ஸீலேடெக்கோ லுவாலேடெக்கோ எடிட்டரில் இருப்பது கட்டாயம். தமிழ் எழுத்துருவோடு ஒரு பக்கத்தை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பல்கலைக்கழகம், பழைய ஆய்வேடுகளில் மிகப் பெரியதை அந்த எடிட்டரில் ஏற்றி, திரும்ப இறக்கி, டெக் லைவ் மட்டும் உள்ள, இணையமில்லாத ஒரு கணினியில் பிடிஎஃப் ஆக்கிப் பார்க்கட்டும்.