முத்திரையும் எடையும்

தராசு பிடித்தவனுக்கு முத்திரையின் மதிப்பு தெரியும். எடையளவு அதிகாரி சரிபார்த்து முத்திரை குத்திய கல்லில்தான் வியாபாரம் செய்யலாம். ஆனால், அந்தக் கல்லை வைத்துக்கொண்டே தட்டின் அடியில் புளி ஒட்டுகிறவனும் உண்டு. மேலாண்மைக் கல்லூரிகளின் தரச்சான்றைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்த நினைப்புத்தான் வருகிறது.

நம் ஜீவனஹள்ளி நகரின் கிழக்கே என்றால், மேற்கே நாகர்பாவியில் இருக்கிறது 'நாக்' என்னும் தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவின் தலைமையகம். பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் நிறுவியது. 2017இல் அது திருத்தி அமைத்த ஏழு அளவுகோல்களில் ஏழாவது, நிறுவனத்தின் விழுமியங்களைப் பற்றியது. மழைநீர் சேமிக்கிறீர்களா, கழிவை என்ன செய்கிறீர்கள், சூரிய மின்சாரம் உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள்.

இதனால் நன்மை உண்டு. கேட்கிறவர் இருந்தால்தான் செய்கிறவரும் இருப்பார். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற நமக்கு மழைநீர்த் தொட்டியின் அருமையைச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் மேலாண்மைக் கல்லூரியின் சரக்கு கட்டடம் அல்லவே! நாளைக்குக் கம்பெனி நடத்தப்போகும் பிள்ளையின் புத்திதான் சரக்கு. கூரையில் சூரியத் தகடு, வகுப்பில் லாபம் ஒன்றே பாடம் என்றால் என்ன பயன்?

இந்த இடத்தில் வெளிநாட்டுச் சான்றுகள் சற்று உள்ளே நுழைந்து பார்க்கின்றன. பெங்களூர் ஐ.ஐ.எம். பெற்றுள்ள ஐரோப்பாவின் 'ஈக்விஸ்' சான்று, நெறி, பொறுப்பு, நீடித்த தன்மை மூன்றும் பாடத்திலும் ஆராய்ச்சியிலும் கலந்துள்ளனவா என்று கேட்கிறது. அமெரிக்காவின் 'ஏ.ஏ.சி.எஸ்.பி.' 2020இல் வகுத்த விதிகளில் சமுதாயப் பயனுக்குத் தனி இடம் உண்டு. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. மீதி 98 எந்த வழியில் வந்தது என்று கேட்கக் கற்றுத்தருவதுதான் கல்லூரியின் வேலை.

சமண இல்லறத்தார்க்கு இது புதிதல்ல. அளவையில் ஏமாற்றுவதைக் கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களில் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைக்கிறது. மிகுபொருள் விரும்பாமை என்ற விரதமோ ஆசைக்கு நாமே எல்லை கட்டிக்கொள்ளச் சொல்கிறது. நீடித்த வளர்ச்சி என்று இன்று பேசுவதன் வேரும் இந்த எல்லைதான்.

2025 பிப்ரவரியில் 'நாக்' ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. முத்திரை குத்துகிறவர் மீதே புகார் என்றால் வாங்குகிறவர் விழித்திருக்க வேண்டாமா? அதற்காக முத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முத்திரை இல்லாத சந்தையில் ஏமாறுகிறவன் ஏழைதான்.

ஆகவே, பிள்ளையை எம்.பி.ஏ. சேர்க்கப்போகும் அன்பர்களே, வாசல் பலகையில் 'ஏ' எழுத்தைப் பார்த்ததுமே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒரு தொழிற்சாலை உறிஞ்சும் தண்ணீருக்குக் கணக்கு எழுத எந்த வகுப்பில் சொல்லித்தருகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் எடை சரி.