பிக்கப் வண்டியின் பின் பிரேக்: டிஸ்க் மாட்டுவதற்கு முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று மாட்டுவண்டியின் வேலையைப் பிக்கப் வண்டிதான் செய்கிறது. விதை நெல், உர மூட்டை, கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல், கோடையில் மதுராந்தகம், செய்யூர் பக்கத்துத் தர்பூசணி எல்லாம் இதில்தான் ஏறுகின்றன. காய்கறி ஏற்றியவர்கள் இரவோடு இரவாகக் கோயம்பேடு போய்ச் சேர வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையோடு ஒரகடம் வழியாக வரும் ஸ்ரீபெரும்புதூர் சாலை சேர்கிறது. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பினால், பின்னால் பாரத்தோடு வரும் வண்டி சட்டென்று நின்றாக வேண்டும். அதைத் தாண்டினாலும் கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் என்று வழி முழுக்க நெரிசல்தான். நம் விவசாயிகளுக்குப் பிரேக்கைப் பற்றிக் கவலை வருவது நியாயமே.

பண்ணைக் கருவிகள் பற்றிய பயிற்சி வகுப்புகளில் இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், பின் சக்கரத்தில் இருக்கும் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, வீட்டிலேயே டிஸ்க் மாட்டிக்கொள்ளலாமா? வீடியோவில் ஒரே நாளில் செய்து காட்டுகிறார்களே?" அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பிக்கப்களைப் பற்றியவை. நம் ஊர் வண்டிக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். காரணம் தெரியாமல் வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் ஏன்?

2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நாம் குட்டி யானை என்று அழைப்பது, 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் எல்லாவற்றிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். செலவை மிச்சம் பிடிக்க மட்டும் இப்படி வைக்கவில்லை. பிரேக் அடித்தவுடன் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. வெறும் வண்டியில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. பிரேக் அடித்தால் அது இன்னும் லேசாகிவிடும்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். சக்கரத்தைப் பிரேக் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம். வெறும் வண்டியில் அழுத்திப் பிரேக் அடித்தால், நல்ல நிலையில் உள்ள டிரம்மே பின் சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்துவிடும். டயர் தேய்ந்துகொண்டே வழுக்கும். அதற்கு மேல் எவ்வளவு பலமான பிரேக் மாட்டினாலும் வண்டி ஒரு அடிகூட முன்னதாக நிற்காது. மாறாக, பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் மழை நாளில் வண்டியின் வால் பக்கவாட்டில் சுழன்று திரும்பிவிடும்.

டிஸ்க்குக்கு நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. அது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், தண்ணீர் பட்டாலும் சட்டென்று காயும், பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கழற்றாமலே ஓரளவு பார்க்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பாரத்தோடு இறங்குபவருக்குச் சூடு பெரிய பிரச்சினை. அங்கும் முதல் வழி, ஏறிய கியரிலேயே இறங்குவதுதான். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை.

மாற்றினால் எது எது கெடும்?

டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களில் ஒன்றைச் சுழலும் டிரம்மே உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். அதனால் சிறிய வீல் சிலிண்டரும் கொஞ்சம் ஆயிலும் போதும். டிஸ்க்கில் அந்த இழுப்பு கிடையாது. பெரிய பிஸ்டனும் கூடுதல் ஆயிலும் தேவைப்படும். உங்கள் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரோ பழைய அளவுக்குக் கணக்கிடப்பட்டது. விளைவு, பெடல் ஆழமாக இறங்கும். அவசரத்தில் மிதிக்கும்போது அந்த இரண்டு அங்குலம்தான் உயிருக்கு உலை வைக்கும்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். பெரும்பாலான பிக்கப்களில் அது பின் டிரம்மில்தான் வேலை செய்கிறது. டிரம்மைக் கழற்றி எறிந்தால் ஹேண்ட் பிரேக்கும் போயிற்று. ஏரிக்கரைச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் நான்கு பேர் மூட்டை ஏற்றும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கும் பதிவுச் சான்று விவரங்களுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி எழுப்பும். தயாரிப்பாளர்கள் ஒரு பிரேக் அமைப்பை ஒரகடத்தில் இருக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் பாரத்தோடும் பாரமின்றியும் ஓட்டிச் சோதித்த பிறகுதான் விற்பனைக்கு விடுகிறார்கள். அந்தச் சோதனையை நம் வீட்டு வாசலில் செய்ய முடியாது.

பட்டை சேர்த்தவர்கள் கவனத்துக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சிறு வால்வு இருக்கும். மெக்கானிக்குகள் அதை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பாரம் அறிந்து பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும் வால்வு என்று வைத்துக்கொள்ளலாம். பாரம் ஏறும்போது வண்டியின் பின்பக்கம் தாழும். வால்வோடு இணைந்த கம்பியோ ஸ்பிரிங்கோ அந்தத் தாழ்வை உணர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். வெறும் வண்டியில் உயரம் கூடும், அழுத்தம் குறையும்.

இப்போது நம்மவர்கள் செய்வது என்ன? பாரம் கூட ஏற்றவேண்டும் என்று பின்னால் இரண்டு பட்டை சேர்க்கிறார்கள். அதன்பின் ஒன்றரை டன் தர்பூசணி ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்கிறது. பாரம் முழுதாக இருக்கும் நேரத்தில் பின் பிரேக்குக்கு அழுத்தம் போவதில்லை. "பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, டிஸ்க் மாத்தணும்" என்ற புகார்களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. சிலர் அந்த வால்வின் கம்பியைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போது பாரத்தோடு பிரேக் பிடிக்கும். ஆனால் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, விடியற்கால ஈரச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கம்பி வளைந்திருக்கிறதா, துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, ஸ்பிரிங் இருக்கிறதா, யாராவது கட்டி வைத்திருக்கிறார்களா? பார்ப்பது மட்டும் உங்கள் வேலை. அளவு திருத்துவதைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விடுங்கள். சேர்த்த பட்டையைக் கழற்றி, பதிவுச் சான்றில் உள்ள அளவுக்கு ஏற்றுவதே நல்லது. கூடுதல் பாரத்துக்கு 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். தர்பூசணியில் மிஞ்சும் லாபம் ஒரே சோதனைச் சாவடியில் கரைந்துவிடும்.

பெடல் சொல்லும் செய்தி

ஒரு மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதியில் மேலே வந்தால், பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் பிரேக்கை டைட் வைத்தாலே சரியாகும். பஞ்சு போல மெத்தென்று இருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், ஆயில் கசிவு இல்லாதபட்சத்தில் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். கல் போல இறுகியிருந்தால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க மேம்பால இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் உண்டு. இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரின் துணை தீர்ந்துவிடும். பிறகு வழக்கத்தைவிட மிக அதிக பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் லைனில் ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் சும்மா இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூடியில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள்.

வீட்டில் டிரம்மைத் திறப்பவர்களுக்கு

கை பழகியவர்கள் திறந்து பார்க்கலாம். முன்பின் பார்த்திராதவர் முதல் தடவை ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். வண்டி காலியாக, சமதளத்தில், கெட்டியான தரையில் நிற்க வேண்டும். களத்து மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, தூக்கியபின் ஜாக்கி ஸ்டாண்டில் அமர்த்துங்கள். செங்கல்லும் தென்னை மட்டையும் ஸ்டாண்டு ஆகாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால்தான் டிரம் வரும். இறுகியிருந்தால் சுத்தியலால் மொத்த வேண்டாம். பல டிரம்களில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் தானாகக் கழன்று வரும்.

உள்ளே இருக்கும் கருந்தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெட்ரோல், டீசல் கொண்டு கழுவவும் கூடாது.

முதலில் ஈரக் கசிவைப் பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அச்சிலிருந்து வரும் கியர் ஆயில், சீல் போய்விட்டது. ஆயில் குடித்த ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது வீண் வேலை. சூடானால் ஆயில் மறுபடி வெளியே வரும். கசிவை நிறுத்திவிட்டு ஷூவை மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒருபுறம் இழுக்கும். லைனிங் ரிவெட் தலையைத் தொட நெருங்கிவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருப்பார்கள், அதைத் தாண்டித் தேய்ந்த டிரம்மைக் கடைசல் பிடிக்க முடியாது.

உண்மையான தரமேற்றம் என்றால் இதுதான்: பெயர் உள்ள கம்பெனியின் ஷூ, தேவையானால் புதிய வீல் சிலிண்டர், புதிய ஆயில். இதற்கு நாம் எங்கும் தேட வேண்டியதில்லை. பாடியில் 1962 முதல் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா உட்பட, நாட்டின் பெரிய பிரேக் தயாரிப்பாளர்கள் சென்னையைச் சுற்றியே இருக்கிறார்கள். பெட்டியில் பாகத்தின் எண்ணையும் விலையையும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கத்தைக் கழற்றினால், ஸ்பிரிங் எது எங்கே என்ற குழப்பம் வராது. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். லைனைக் கழற்றியிருந்தால் காற்று எடுக்கும் வேலையை மெக்கானிக்கிடமே கொடுங்கள், எல்.எஸ்.பி.வி. உள்ள வண்டியில் அதற்குத் தனி முறை உண்டு. பின்னால் ஏற்கெனவே டிஸ்க்கோடு வந்த வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டையும், டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச தடிமனையும், காலிப்பர் பின்கள் தடையின்றி நகர்கின்றனவா என்பதையும் பார்த்தால் போதும்.

மாட்டி முடித்ததும் வீல் நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். என்ஜினை ஓடவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே பலமுறை மிதியுங்கள். ஆள் நடமாட்டமில்லாத கிராமச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் வண்டியாக நிறுத்திப் பாருங்கள். நேராக நிற்கிறதா, ஒரு டிரம் மட்டும் அதிகம் சூடாகிறதா என்று கவனியுங்கள். புதிய லைனிங் டிரம்மோடு ஒட்டி அமரும்வரை, முதல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பாரத்தைக் குறைத்து ஏற்றுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிவிட்டு, ஆயில் டப்பாவின் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.