நகரலாம், திரும்பக்கூடாது

1990-களில் ஹார்லி டேவிட்சன் சாஃப்டெயில் வண்டிகள் சுமார் 130 மி.மீ. அகலப் பின் டயரோடுதான் வெளிவந்தன. அமெரிக்காவின் கஸ்டம் பட்டறைக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு 250, 300 என்று மாட்டத் தொடங்கினார்கள். மோகம் முற்றி 360 வரை போனது. பிறகு அந்த நிறுவனமே ‘பிரேக்அவுட்’ மாடலுக்கு 240 மி.மீ. டயர் போட்டு விற்றது. பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். மாட்டுகிறவனுக்குத்தான் தெரியும் அதன் அவஸ்தை.

130 இருந்த இடத்தில் 250 வந்தால் டயர் பக்கத்துக்கு 60 மி.மீ. பருக்கிறது. வலப்பக்கம் ஸ்விங் ஆர்மை அகலப்படுத்திச் சமாளித்துவிடலாம். வம்பு இடப்பக்கம். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஓடும் பெல்ட் அங்கே இருக்கிறது. புது டயர் நேராக அதில் போய் உரசும். பெல்ட்டை வெளியே தள்ளலாமென்றால், அதன் முன்பக்கப் புல்லி, எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி பெட்டிக்கு உட்புறம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பிரைமரியையும் ஸ்பேசர் வைத்து நகர்த்த வேண்டும். சிலர் பெல்ட்டை விட்டு ஒடுக்கமான செயினுக்கு மாறினார்கள். சிலர் கியர்பாக்ஸை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். பெல்ட்டையே வலப்பக்கம் கொண்டுபோகும் கியர்பாக்ஸ்களும் வந்தன. வலப்பக்கம் குறுக்கே பிரைமரி கிடையாது என்பதால் வேண்டிய அளவு வெளியே தள்ளலாம். என்னைக் கேட்டால் இதுதான் சுத்தமான வேலை. விலைதான் கையைக் கடிக்கும்.

பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சக்கரத்தையே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். ஆபத்தா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின் சக்கரம் 10 மி.மீ. ஒதுங்கியிருக்கிறது, ஆனால் முன் சக்கரத்துக்கு இணையாகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு டயர்களும் தரையைத் தொடும் புள்ளிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் இரண்டுக்கும் நடுவில் இருந்தால், அந்தக் கோடு அதற்கு நேர் கீழிருந்து விலகுவது 5 மி.மீ.தான். மையம் 60 செ.மீ. உயரத்தில் இருக்குமானால், வண்டி அரை டிகிரி சாய்ந்தால் சமனாகிவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சக்கரம் ஒதுங்காமல் திரும்பி நின்றால் கதை வேறு. செயின் அட்ஜஸ்டர்கள் இரண்டும் 25 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன, ஒன்றை மற்றதைவிட 1 மி.மீ. கூடுதலாக முடுக்கிவிட்டீர்கள். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் முன் சக்கரத்தில் அந்தப் பிசகு 6 மி.மீ. ஆகிவிடும். நேர்ச்சாலையிலும் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகும்; செயினும் பல்சக்கரமும் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்விங் ஆர்மில் பொறித்திருக்கும் கோடுகளை நம்பி விட்டுவிடுவது சரியல்ல. கையால் வெல்டிங் செய்த சட்டத்தில் அப்படிக் கோடே இருக்காது.

லேசர் கருவி இல்லாதவர்களுக்கு நூல் போதும். பின் டயரைச் சுற்றி இருபுறமும் நூல் இழுத்து, அந்த டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொட்டபடி முன் சக்கரம்வரை கொண்டுபோங்கள். பின் டயர் 250, முன் டயர் 90 என்றால், வித்தியாசத்தில் பாதியான 80 மி.மீ. இடைவெளி முன் டயரின் இருபுறமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் 83, மறுபக்கம் 77 என்று முன் டயரின் இரு விளிம்பிலும் ஒரே மாதிரி வந்தால், சக்கரம் ஒதுங்கியிருக்கிறது. ஹேண்டில்பார் நேராக இருந்தும் விளிம்புக்கு விளிம்பு அளவு மாறினால், சக்கரம் திரும்பியிருக்கிறது. ஒதுங்கலுக்கு ஸ்பேசரை மாற்றலாம், கம்பிச் சக்கரமானால் ரிம்மை ஹப்பிலிருந்து தள்ளிப் பின்னலாம்.

இத்தனை பார்த்துப் பொருத்தியதும் வண்டி நிமிர்ந்து நிற்கும்வரைதான். வளைவில் 30 டிகிரி சாய்த்தால், டயர் தரையைத் தொடும் இடமும் பக்கவாட்டில் நகர்கிறது. டயரின் முகப்பை அரைவட்டமாக எடுத்துக்கொண்டால், முன் டயரில் அது சுமார் 22 மி.மீ.; பின் டயரில் 62. ஆக, துல்லியமாகப் பொருத்திய சக்கரமும் ஒவ்வொரு வளைவிலும் 40 மி.மீ. ஒதுங்குகிறது, அதுவும் வளைவின் உட்பக்கமாக. அதனால்தான் அகல டயர் வண்டி சாய மறுத்து நிமிரப் பார்க்கிறது. வளைவு முடியும்வரை ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்காக அட்ஜஸ்டரைத் திருகிப் பயனில்லை.