உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டினால் மாறும் பிரேக் சட்டம்

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவையா என்பதை அதன் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது ஓடும் மாநிலமும் தீர்மானிக்கிறது. கலிபோர்னியாவில் மொத்த எடை 1,500 பவுண்டை (சுமார் 680 கிலோ) எட்டினாலே பிரேக் கட்டாயம். டெக்சாஸிலோ 4,500 பவுண்டு வரை விலக்கு. இத்தனைக்கும் இரண்டு மாநிலங்கள் வழியாகவும் போவது 10ஆம் எண் இன்டர்ஸ்டேட் என்னும் ஒரே நெடுஞ்சாலை. டிரெய்லர் இழுக்கும் காருக்குக் கலிபோர்னியா மணிக்கு 55 மைல் என வரம்பும் கட்டியிருக்கிறது. பல மாநிலங்களில் அப்படித் தனி வரம்பே கிடையாது.

மலைச்சரிவும் சமவெளியும் ஒன்றல்ல, அந்தந்த மாநிலம் விதி வகுப்பதே முறை என்பார்கள். வேகத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. பிரேக்குக்கு அது பொருந்தாது. விடுமுறைக்குப் புறப்பட்ட வண்டி சமவெளியிலேயே நின்றுவிடுவதில்லை. 55 மைல் வேகம் 75 ஆனால், பிரேக் அடக்கவேண்டிய இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1.9 மடங்காகிறது, எந்த மாநிலமானாலும். செலவு கூடும் என்ற வாதமும் எடுபடாது: மின்சார பிரேக் ஒன்றும் புதுமையல்ல, கனமான டிரெய்லர்களில் வழக்கமாக வருவதுதான். விளக்குக்கும் டயருக்கும் நாடு முழுவதும் ஒரே மத்தியத் தரம் இருக்கும்போது, பிரேக்குக்கான எடை வரம்பை மட்டும் மாநிலங்களிடம் விட்டுவைத்திருப்பது பொருத்தமற்றது. அமெரிக்காவில் டிரெய்லரோடு கிளம்பினால், வழியில் வரும் மாநிலங்களில் எது கடுமையான விதியோ அதற்கேற்ப வண்டியைத் தயார் செய்துகொள்ளுங்கள்.