பூட்டின கதவுக்கு யார் பர்மிஷன் குடுத்தா?

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பினது. "அண்ணா, எங்க கல்ச்சுரல்ஸுக்கு ஃபயர் பர்மிஷன் வாங்குற வேலை என் தலையில விழுந்திருக்கு. காலேஜுக்குத்தான் ஏற்கெனவே ஃபயர் சர்ட்டிஃபிகேட் இருக்கே, மறுபடியும் எதுக்கு?"

இதே கேள்வியை நானும் மூணாவது வருஷத்துல கேட்டேன். எங்க ஊர் தீயணைப்பு நிலையத்துல, ஸ்டேஷன் ஆபீசர் முன்னாடி நின்னுக்கிட்டு.

அவர் சிரிச்சாரு. "தம்பி, அது கட்டடத்துக்கு. நீங்க நடத்தப்போறது கட்டடமா?"

விஷயம் இதுதான். கட்டடத்துக்குச் சான்று தரும்போது அது வழக்கமா எப்படி இயங்குதோ அதை வச்சுத்தான் பார்க்குறாங்க. வகுப்பு நடக்கும், சாயங்காலம் காலியாகும். கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு அதே வளாகம் வேற இடமா மாறிடுது. கிரவுண்ட்ல துணிப் பந்தல், பக்கத்துல டீசல் ஜெனரேட்டர், ஃபுட் ஸ்டால்ல கேஸ் சிலிண்டர், தரை முழுக்க ஒயர், வழி தெரியாத வெளியூர்ப் பசங்க. நாம கேட்கிற அனுமதி இந்த மாற்றத்துக்குத்தான்.

பந்தல் மாதிரியான தற்காலிகக் கட்டுமானங்களுக்குன்னே ஐ.எஸ். 8758 அப்படின்னு ஒரு இந்தியத் தரநிலை இருக்கு. நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை. எங்க பந்தல்காரரும்தான். ஆபீசர் அவர்கிட்ட கேட்ட முதல் கேள்வி, துணி பருத்தியா சிந்தெடிக்கானு. சிந்தெடிக் துணி உருகிச் சொட்டும், கீழே இருக்கிறவங்க மேல ஒட்டிக்கும். அடுத்து ஸ்டால் பக்கம் போய் சிலிண்டரைப் பார்த்தாரு. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர்கள் எல்லாம் வெளியே போச்சு. வியாபாரத்துக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வைக்கணும். அதுவரை எல்லாம் சுமுகமாப் போச்சு.

சிக்கல் ஆடிட்டோரியத்துல ஆரம்பிச்சுது. புரோ ஷோ அங்கதான். டேப் எடுத்து அளந்தாரு. 30 மீட்டருக்கு 18 மீட்டர், அதாவது 540 சதுர மீட்டர்.

இங்க கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, வகுத்தல் மட்டும்தான். நேஷனல் பில்டிங் கோட், 2016 பதிப்பு, நாலாவது பகுதி. இருக்கை போட்ட அரங்கத்துல ஒரு ஆளுக்கு 0.6 சதுர மீட்டர்னு வச்சு கூட்டத்தைக் கணக்கிடச் சொல்லுது. 540ஐ 0.6ஆல வகுத்தா 900. எங்க கன்வீனர் முகத்துல ஒரே சந்தோஷம். ஆபீசர் நிமிர்ந்தே பார்க்கலை. "இது உள்ள உக்காரக்கூடியவங்க எண்ணிக்கை. வெளியே போகக்கூடியவங்க எத்தனை பேரு?"

அதுக்குத் தனிக் கணக்கு. சமதளத்துல இருக்கிற வாசல்னா ஒரு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் அகலம். படிக்கட்டுன்னா 10 மில்லிமீட்டர். படியில மனுஷன் மெதுவாத்தானே இறங்குவான். எங்க அரங்கத்துக்கு மூணு வாசல், ஒவ்வொண்ணும் 2 மீட்டர். முன்பக்கம் ரெண்டும் சமதளம்: 4,000ஐ 6.5ஆல வகுத்தா 615 பேர். மேடைக்குப் பக்கத்துல இருக்கிற மூணாவது வாசலைத் திறந்தா உடனே படிக்கட்டு, அதுவும் அதே அகலம். அப்போ கதவை விட்டுட்டு படியைத்தான் கணக்குல எடுக்கணும். 2,000ஐ 10ஆல வகுத்தா 200. மொத்தம் 815.

பேக்எண்ட் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசே இல்லை. பாதையில எது குறுகலோ அதுதான் உங்க த்ரூபுட். மத்தது எவ்வளவு அகலமா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

பேப்பர்ல 800னு எழுதினாரு. மூணு கதவும் நிகழ்ச்சி முடியுற வரைக்கும் பூட்டாம இருக்கணும்னு கீழே ஒரு வரி. நாங்க அதுக்குள்ள 1,100 பாஸ் அடிச்சிருந்தோம். அதை அவர்கிட்ட சொல்லலை.

இப்போ நான் இந்த எபிசோட் பண்றதுக்கான காரணத்துக்கு வர்றேன். ஷோ அன்னிக்கு ராத்திரி ஏழு மணி வாக்குல, பாஸ் இல்லாத பசங்க மேடைப் பக்கக் கதவு வழியா உள்ள வர ஆரம்பிச்சாங்க. வாக்கி டாக்கியில யாரோ "சைடு டோரை லாக் பண்ணுங்கடா"ன்னாங்க. நான்தான் "ஓகே, பண்ணிடுங்க"ன்னு பதில் சொன்னேன். முன்வாசல் ஒண்ணுல பாஸ் செக் பண்ற மேசை பாதி இடத்தை அடைச்சிருந்துச்சு. மிச்சம் 3 மீட்டர். 3,000ஐ 6.5ஆல வகுத்தா 461. உள்ள அந்த நேரத்துல ஆயிரம் பேருக்கு மேல.

ஒண்ணும் நடக்கலை. பாட்டு முடிஞ்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. நாங்க விடிய விடிய பரோட்டா சாப்பிட்டோம்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2023 நவம்பர் 25. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல டெக் ஃபெஸ்ட். திறந்தவெளி அரங்கம், இசை நிகழ்ச்சி. மழை வந்ததும் வெளியே காத்திருந்த கூட்டம் வாசல் வழியா உள்ள தள்ளிக்கிட்டு வர, அங்க செங்குத்தா இறங்குற படியில விழுந்து நாலு பேர் செத்துப்போனாங்க. மூணு பேர் அங்க படிச்ச மாணவர்கள். நெருப்பே இல்லை, கவனிங்க. வாசல், படி, கூட்டம், அவ்வளவுதான். அந்தச் செய்தியை ஆபீஸ் கேன்டீன்ல படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது என்னோட "ஓகே, பண்ணிடுங்க".

அப்புறம்தான் பிரேசில் விஷயத்தைத் தேடிப் படிச்சேன். சாண்டா மரியா, பல்கலைக்கழக ஊர். 2013 ஜனவரி 27 அதிகாலை, 'கிஸ்'ங்கிற நைட் கிளப்ல மாணவர்கள் நடத்தின பார்ட்டி. மேடையில வெளியிடத்துக்கான பட்டாசைக் கொளுத்தினாங்க. கூரையில ஒலித்தடுப்புக்கு ஒட்டியிருந்த ஃபோம் பத்திக்கிச்சு. 242 பேர். பெரும்பாலானவங்க புகையிலதான் போனாங்க. பலர் கழிவறைக் கதவை வெளிவாசல்னு நினைச்சு உள்ள போயிருக்காங்க. அந்த கிளப்போட தீயணைப்பு அனுமதி 2012 ஆகஸ்ட்லயே காலாவதி ஆகியிருந்துச்சு. ஆனா என்னை உலுக்கினது வேற ஒண்ணு. முதல் சில நிமிஷம் வாசல்ல இருந்த காவலாளிகள் கூட்டத்தைத் தடுத்திருக்காங்க. பில் கட்டாம ஓடுறாங்கன்னு நினைச்சு.

எங்க ஊர்ல பாஸ், அங்க பில். கதவுல நிக்கிறவங்களுக்கு உள்ள வர்றவங்களைத் தடுக்கச் சொல்லிக் குடுக்குறோம், வெளியே விடச் சொல்லிக் குடுக்குறதில்லை.

சரி தங்கச்சி, உன் வேலைக்கு வர்றேன். லெட்டர் எழுதுறது சுலபம்: பிரின்சிபல் கையெழுத்து, போலீஸ் ஸ்டேஷனுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் காப்பி. அதை ஒரு மாசம் முன்னாடியே குடு. கடைசி வாரம் போனா அவங்க சொல்ற திருத்தத்தைச் செய்ய நேரம் இருக்காது. கூடவே ஒரு வரைபடம் கொண்டு போ. ஆட்டோகேட் எல்லாம் வேண்டாம், ஏ4ல கையால போட்டது போதும். வாசல் அகலம், படி எங்க, ஜெனரேட்டர் எங்க, சிலிண்டர் எத்தனை, தீயணைப்பு வண்டி எந்த கேட் வழியா வரும். மேடையில தீப்பொறி ஏதாவது விடப்போறீங்கன்னா மறைக்காம எழுது. 'கோல்ட் பைரோ, சுடாது'ன்னு ஈவென்ட் ஆள் சொல்லுவாரு, கேட்டுட்டு அப்பவும் எழுது. நம்பரைக் குறைச்சு எழுதினா கோபப்படாத, அந்த நம்பர் வந்த பிறகு பாஸ் அடி.

இன்னொண்ணு, இது எந்த ஃபார்ம்லயும் இருக்காது. வரைபடத்துல ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்துலயும் ஒரு பேரும் போன் நம்பரும் எழுது. அந்த ஆளுக்கு ஷோ பார்க்குற வேலை கிடையாது, கதவு மட்டும்தான். பூட்டு, சங்கிலி எல்லாம் காலையிலயே கழட்டி கன்வீனர் ரூம்ல வச்சிடுங்க. ஓசியில உள்ள வர்ற பசங்களைத் தடுக்கணும்னா அங்க ரெண்டு வாலன்டியரை நிறுத்துங்க.

எங்க ஷோ அன்னிக்கு அந்தப் பூட்டோட சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு போன மாசம் பழைய வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். ஆறு பேர் பதில் போட்டாங்க. ஆறு பேரும் வேற வேற பேர் சொன்னாங்க.