மரவள்ளி மாவும் செயற்கை உயிரியலும்

சேலம், நாமக்கல் சமவெளியின் பொருளாதாரத்தில் இரண்டு தொழில்கள் முதன்மையானவை. ஒன்று, வட்டார வழக்கில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் சேகோ ஆலைத் தொழில். மற்றொன்று, நாமக்கல்லின் முட்டைக்கோழி வளர்ப்பு. நுண்ணுயிரிகளின் மரபணுக்களைப் பொறியாளர் இயந்திரத்தை வடிவமைப்பதுபோல் திட்டமிட்டு மாற்றி, வேண்டிய பொருளை அவற்றின் வழியாக உற்பத்தி செய்யும் செயற்கை உயிரியல், இவ்விரு தொழில்களோடும் நெருங்கிய தொடர்புடையது.

கோழித் தீவனத்திலுள்ள மக்காச்சோளத்திலும் சோயாவிலும் இருக்கும் பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் சேர்மமாகப் பிணைந்திருப்பதால், அதைச் செரிக்கும் ஆற்றல் கோழிக்கு மிகக் குறைவு. எனவே பாஸ்பரஸைத் தனியே தீவனத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது; செரிக்காத பங்கு எச்சத்தோடு வெளியேறி மண்ணையும் நீரையும் மாசுபடுத்துகிறது. பைட்டேஸ் என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், இந்தப் பிணைப்பை உடைக்கிறது. மரபணு மாற்றிய பூஞ்சையைக் கொண்டு உற்பத்தி செய்த பைட்டேஸ் 1991இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. செயற்கை உயிரியலுக்கு முன்னோடியான அந்த மரபணுப் பொறியியல், இன்று உலகெங்கும் தீவனத் தொழிலின் அன்றாட நடைமுறையாகிவிட்டது.

மரவள்ளியின் வாய்ப்பு இதனினும் விரிவானது. இரண்டாம் உலகப் போரால் மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி தடைப்பட்ட சூழலில், 1943 வாக்கில் சேலத்தில் தோன்றிய சேகோ ஆலைத் தொழில், 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தைப் பெற்றது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் ஆலைகளின் வருவாய் பெரும்பாலும் மாவையும் ஜவ்வரிசியையுமே நம்பியிருப்பதால், அவற்றின் விலை சரியும்போது கிழங்கு பயிரிட்டவரும் சேர்ந்தே இழப்புக்கு உள்ளாகிறார். கிழங்கின் எடையில் ஏறத்தாழ கால்பங்கான மாவுச்சத்தை நொதிகளால் குளுக்கோஸாக மாற்றி, அதை நுண்ணுயிரிகளுக்கு உணவாக அளித்தால் லாக்டிக் அமிலம் பெறலாம்; அதிலிருந்து, உரிய சூழலில் மட்கக்கூடிய நெகிழி செய்யலாம். மாவெடுத்தபின் எஞ்சும் திப்பியிலும் மாவுச்சத்து தங்கியிருப்பதால், அதுவும் இத்தகைய உற்பத்திக்கு மூலப்பொருளாகும்.

இவ்வறிவியல் ஆலைக்கு வந்து சேராமைக்குக் காரணம் ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையிலான சோதனைச் செலவு. ஆய்வகக் குடுவையில் வெற்றி பெற்ற நுண்ணுயிரி, பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் நொதிப்புக் கலத்தில் வெப்பமும் உயிர்வளியும் சீராகப் பரவாமல் தோற்றுப்போகலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் கருவிகளைச் சிறு ஆலை தனியே வாங்க இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவே பிரிட்டன் 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சின்பிசைட் என்னும் தேசிய மையத்தை நிறுவி, பல்கலைக்கழக ஆய்வையும் புதிய நிறுவனங்களையும் இணைத்தது. இந்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கையும், உயிரித் தொழில் உற்பத்திக்கான பொது வசதிகளையும் பயோஃபவுண்டரிகளையும் அமைக்க வழிசெய்கிறது. மரபணு வடிவமைப்பு, உருவாக்கம், சோதனை, அதிலிருந்து கற்றுத் திருத்துதல் ஆகிய நான்கையும் தானியங்கிக் கருவிகளின் துணையோடு விரைந்து நடத்தும் கூடமே பயோஃபவுண்டரி.

மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாள்வது 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதிக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டது என்பதையும், கரும்புச் சர்க்கரையோடும் மக்காச்சோள மாவோடும் மரவள்ளி மாவு விலையில் போட்டியிட வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது. அந்தக் கணக்கை உள்ளூரிலேயே போட்டுப் பார்க்க, சேகோசர்வும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அரசும் கைகோத்து, ஆலைகள் வாடகைக்குப் பயன்படுத்தக்கூடிய ஒரு சோதனை நொதிப்புக் கூடத்தை இச்சமவெளியில் அமைப்பதே முதற்கடமை.